கிளிக்கு ஆயுள் ஒரு நாள்

ஜப்பான் தேசத்தில் ஈஸே என்று ஒரு நகரம் இருக்கிறது. நகோயாவில் உத்தியோகம் பார்க்கும் என் மகளோடு சில மாதங்கள் தங்கியிருந்த காலத்தில், அவள் அலுவலகத்துக்குப் புறப்பட்டுப் போன ஒரு காலை வேளையில், துணைக்கு ஒருவரும் இன்றி, அவள் எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதம் ஒன்றை மாத்திரம் கைப்பையில் வைத்துக்கொண்டு, ரயிலேறி அந்நகரத்துக்குப் போய் மாலையில் திரும்பினேன். அதுவரையில் நான் தனியாக ஓர் ஊரைச் சுற்றிப் பார்த்ததே இல்லை. ஆசிரியையாக இருந்த முப்பத்திரண்டு வருஷங்களில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தலைகளை எண்ணிக்கொண்டே எத்தனையோ ஸ்தலங்களுக்குப் போயிருக்கிறேன். குடும்பத்தோடு போன யாத்திரைகளில் மூட்டைகளை எண்ணிக்கொண்டே போயிருக்கிறேன். எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லாமல் ஓர் ஊருக்குள் நுழைவது என்பது எனக்கு ஐம்பத்தொன்பதாம் வயதில்தான் வாய்த்தது.

ஈஸேயில் அடர்ந்த வனத்துக்குள் சூரிய தேவதையாகிய அமதெராசுவின் ஆலயம் இருக்கிறது. இசுஸு நதியின் மேலுள்ள மரப்பாலத்தைக் கடந்து, நெடிதுயர்ந்த மரங்களின் நிழலில் சரளைக்கல் பாதையில் நடந்து போனால், கோவில் என்றவுடன் நம் மனம் எதிர்பார்க்கிற கருங்கல்லும் கோபுரமும் அங்கே இல்லை; வர்ணம் பூசாத மரமும் புல் வேய்ந்த கூரையுமாக, தவசியின் பர்ணசாலை போல் ஒரு கட்டடம் நிற்கிறது. அதன் பக்கத்திலேயே அதே அளவுள்ள மனையொன்று, கூழாங்கற்கள் பரப்பி வெறுமையாகக் கிடக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆலயம் முழுவதையும் அந்த வெறும் மனையில் புதிதாக எழுப்பி, தேவதையை அங்கே எழுந்தருளப் பண்ணிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். கி.பி. 690இல் தொடங்கிய இவ்வழக்கம், உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறாண்டுக்கு மேல் தடைப்பட்ட போதிலும் அறுந்துபோகாமல், 2013இல் 62ஆம் முறையாக நடந்தேறியிருக்கிறது. கல்லை நம்பாமல் கையை நம்பிய ஒரு ஜாதி ஜனங்கள் என்று நான் வியந்து நின்றேன்.

அப்படி நிற்கையில், அந்த அந்நிய வனத்தின் நிசப்தத்தில், நான் சற்றும் எதிர்பாராமல் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கரத்துக் கிளி ஞாபகத்துக்கு வந்தது. இலையாலும் பூவாலும் செய்யப்படும் அந்தக் கிளி இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை அல்ல, ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்யப்படுகிறது. அந்தச் சந்நிதிக்குச் சிறுமியாக இருந்த காலம் முதல் எத்தனையோ முறை போயிருக்கிறேன். வண்டியை விட்டு இறங்கி, வரிசையில் நின்று, தரிசனம் முடித்து, தேர் வீதியில் பால்கோவாப் பொட்டலம் வாங்கிக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று யாரோ அவசரப்படுத்த வண்டியேறியிருக்கிறேன். அக்கிளியைச் செய்கிறவர் யார், எதனால் செய்கிறார், நேற்றைய கிளி எங்கே போகிறது என்று ஒரு நாளாவது கேட்டேனா? கடல் கடந்து வந்து ஒரு வெறும் மனையைப் பார்த்து உருகுகிற நான், என் சொந்தச் சீமையில் அன்றாடம் நடக்கும் அற்புதத்தை நின்று பார்க்கவில்லையே என்ற வெட்கம் அன்று முழுவதும் என்னைவிட்டு நீங்கவில்லை. ஊர் திரும்பியதும் அங்கே ஒரு நாள் தனியாகப் போவதென்று அப்போதே சங்கல்பம் செய்துகொண்டேன்.

கார்த்திகை மாதத்து வாரநாள் ஒன்றில், சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் போய், விடியும் முன்னர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் இறங்கினேன். முந்தின இரவு மழை பெய்திருந்தது. பிளாட்பாரத்துச் சிமெண்டிலிருந்து ஈர வாசனை எழுந்துகொண்டிருந்தது. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை இன்னும் இருட்டோடு இருட்டாக, வானத்தைவிடச் சற்றே கறுத்த ஒரு கோடாக மட்டும் தெரிந்தது. சாம்பல் நிற அணில்களுக்காக 1988இல் சரணாலயமாக்கப்பட்டு, 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக விரிந்த வனம் அது. முன்னொரு காலத்தில் வில்லி, கண்டன் என்ற வேடச் சகோதரர் இருவர் இவ்வனத்தில் வேட்டையாடியதாகவும், கண்டன் புலிக்கு இரையாக, வில்லி காடு திருத்தி உண்டாக்கிய புத்தூரே வில்லிபுத்தூர் ஆயிற்று என்றும் ஸ்தல புராணம் சொல்கிறது. புலியிடம் தம்பியைப் பறிகொடுத்தவன் உண்டாக்கிய ஊர், இன்று புலியைக் காக்கும் வனத்துக்குத் தன் பெயரைக் கொடுத்திருக்கிறது.

ஆட்டோக்காரர் என்னையும் என் சிறு பையையும் பார்த்துவிட்டு, “கூட ஆரும் வரலையாம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன். கோவில் வாசலில் மல்லிகைச் சரம் தொடுத்துக்கொண்டிருந்த முதியவள், கையை நிறுத்தாமலே தலையை மாத்திரம் நிமிர்த்தி, “ஏந்தாயி, ஒத்தையிலயா வந்தீக?” என்றாள். ஈஸேயில் காலை முதல் மாலை வரை ஒருவரும் என்னை அப்படிக் கேட்கவில்லை. அந்த ஜனங்களின் மரியாதை அது. பிறருடைய தனிமைக்குள் கால் வைப்பதை அவர்கள் அபசாரமாகக் கருதுகிறார்கள். நம் ஜனங்களுடைய மரியாதை வேறு விதமானது. ஒருவர் தனியாக நிற்பதைக் கண்டும் கேளாமல் போவதே இங்கே அபசாரம். இரண்டும் அன்புதான் என்று இப்போது எனக்குப் படுகிறது. “ஆமாம், ஒத்தையிலதான் வந்தேன்” என்று சொல்லி ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டேன். அவள் ஒரு முழத்துக்கு மேல் ஒரு சாண் அளந்து, “அவளும் ஒத்தையிலதான் தாயி இருந்தா” என்று கோவிலைக் காட்டிச் சொன்னாள். துளசி வனத்தில் தாயும் தகப்பனும் இல்லாமல் கண்டெடுக்கப்பட்ட குழந்தையைத்தான் அவள் சொன்னாள் என்பது எனக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று.

நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றான இவ்வூரில், ஆலிலை மேல் பள்ளிகொண்ட வடபத்ரசாயியின் கோவில் வடகிழக்கிலும், ஆண்டாளின் கோவில் தென்மேற்கிலும், இரண்டுக்கும் இடையே நந்தவனமுமாக அமைந்திருக்கின்றன. பதினொரு நிலைகளோடு ஏறத்தாழ 192 அடி உயர்ந்து நிற்கும் இராஜகோபுரம் வடபத்ரசாயியுடையது. நம் மாநில அரசின் முத்திரையில் இருப்பது இக்கோபுரமே என்று இவ்வூரார் சொல்லிப் பெருமை கொள்கிறார்கள். பாண்டியன் சபையில் பரதத்துவத்தை நிலைநாட்டிப் பொற்கிழி பெற்ற பெரியாழ்வார் அந்தப் பொருளைக்கொண்டு எடுப்பித்தது இக்கோபுரம் என்பது ஐதிகம். அண்ணாந்து பார்த்தேன். மேல் நிலைகளில் அப்போதுதான் வெளிச்சம் பட்டுக்கொண்டிருந்தது; கீழ் நிலைகள் இன்னும் நீல இருட்டில் இருந்தன. ஒரே கோபுரத்தில் விடிந்த பாதியும் விடியாத பாதியும் இருந்ததை, குடும்பத்தோடு பத்து மணிக்கு வந்திறங்கிய எத்தனையோ தடவைகளில் நான் பார்த்ததில்லை.

ஆண்டாள் சந்நிதியில் விசுவரூப தரிசனத்துக்கு இருபது பேருக்கு மேல் இல்லை. ஒரே ஆசனத்தில் ரங்கமன்னாரும் ஆண்டாளும் கருடாழ்வாரும் சேர்ந்து எழுந்தருளியிருக்கும் காட்சி இந்த ஸ்தலத்தின் விசேஷம். சாய்ந்த கொண்டையும், தோளில் மாலையும், இடக்கரத்தில் கிளியும். அது நேற்று மாலை வைத்த கிளி. அதன் இலைகளின் ஓரம் சுருளத் தொடங்கியிருந்தது. வால்பூவின் சிவப்பு கன்றிப்போயிருந்தது. கழுத்து ஒரு பக்கமாகச் சற்றே சரிந்து, இரவெல்லாம் கண் விழித்துக் கேட்ட கதையின் முடிவில் குழந்தை சாய்ந்து உறங்குவது போலிருந்தது. வியாச முனிவரின் புத்திரரான சுகப்பிரம்மமே கிளியுருக்கொண்டு அவள் கையில் அமர்ந்திருக்கிறார் என்பார்கள். அந்த மகரிஷிக்கும் ஒரு நாள்தான் ஆயுள். முன்கூட்டியே வேண்டிக்கொண்ட பக்தர்களுக்கு அக்கிளி பிரசாதமாகப் போகிறது என்று அருகில் நின்ற அம்மையார் சொன்னார்.

நந்தவனத்தில் துளசி மாடத்தருகே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, மாலையைச் சூடிக்கொண்டு ஆண்டாள் தன் அழகைப் பார்த்துக்கொண்டதாகச் சொல்லும் கண்ணாடிக் கிணற்றையும் பார்த்தேன். பெருமாளுக்கென்று கட்டிய மாலையை முதலில் தான் சூடி, பிறகு கொடுத்தவள் அவள். குற்றம் என்று அஞ்சிய வளர்ப்புத் தந்தையான பெரியாழ்வாருக்கு, அவள் சூடிய மாலையே தமக்கு உவப்பு என்று பெருமாள் உணர்த்தியதாகக் கதை. இதை வெறும் பக்திக் கதையாகவே இதுநாள் வரை கேட்டிருந்தேன். அன்று தனியாக உட்கார்ந்திருந்தபோது, தன் மேனியின் மணம் ஏறாத ஒன்றைப் பிறருக்குக் கொடுப்பது கொடை ஆகாது என்பதையே இக்கதை சொல்கிறதோ என்று தோன்றியது. இன்றைக்கும் புரட்டாசி பிரம்மோற்சவத்தில் கருட சேவைக்கு இங்கிருந்து ஆண்டாள் சூடிய மாலை திருப்பதிக்குப் போகிறது; சித்திரையில் கள்ளழகருக்கும் போகிறது. திருமலையிலிருந்து அவளுக்குப் பட்டு வருகிறது. இவ்வூரிலிருந்து ஒன்று போவதும், போனது வேறோர் உருவில் திரும்பி வருவதுமாக ஒரு நியமம் இருப்பதை அன்று மாலைக்குள் இன்னும் ஓரிடத்திலும் காணப்போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கோவிலை விட்டு வெளியே வந்தபோது வீதி விழித்துக்கொண்டிருந்தது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை இவ்வூரில் பல இடங்களில் கிண்டுகிறார்கள். நான் நின்றது கூட்டமில்லாத ஒரு சிறு கடையின் பின்கட்டில். விறகடுப்பின் மேல் அகன்ற இரும்புச் சட்டி. அதில் பாலும் சர்க்கரையும் அன்றி வேறொன்றும் இல்லை. கிண்டுகிறவர் நீண்ட துடுப்பைச் சட்டியின் அடியோடு சேர்த்து வழித்து, விளிம்பில் படிந்த ஏட்டை உள்ளே தள்ளி, மறுபடி அடிக்குக் கொண்டுபோய், ஒரு தாளக்கட்டோடு கையை வீசிக்கொண்டிருந்தார். பால் முதலில் பொங்கியது. பிறகு அடங்கிக் கூழாயிற்று. பிறகு சட்டியின் பக்கங்களை விட்டு விலகி, துடுப்போடு சேர்ந்து புரளத் தொடங்கியது. தணல் எரிகிற போக்கைப் பார்த்து விறகை இழுப்பதும் தள்ளுவதும் காலாலேயே நடந்தன. “கை நின்னா அடிபிடிச்சிரும்மா” என்று மட்டும் சொன்னார். அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் பேசிய வார்த்தை அவ்வளவுதான். இறக்கிய சூட்டில் இலைத்துண்டில் வைத்துக் கொடுத்ததை வாயில் போட்டபோது, பொட்டலத்தில் இத்தனை வருஷம் ஊருக்குக் கொண்டுபோனது இதன் ஞாபகத்தைத்தான் என்று உணர்ந்தேன்.

அங்கிருந்து பென்னிங்டன் நூலகத்துக்கு நடந்தேன். 1875இல், அந்நாளைய திருநெல்வேலி ஜில்லாக் கலெக்டரின் பெயரால் தொடங்கப்பெற்ற பொது நூலகம் அது. நூறாண்டைக் கடந்து அரை நூறாண்டாகும் அவ்வாசகசாலையில், காலை வேளையிலேயே மேஜைகளைச் சுற்றிப் பெரியவர்களும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாலிபர்களும், கடையைத் திறக்குமுன் பத்திரிகை பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். நான் ஒரு நாற்காலியில் அமர்ந்து, குறிப்புப் புத்தகத்தில் காலையில் கண்டவற்றை எழுதினேன். எதிரே இருந்த பெண், பள்ளியை முடித்துச் சில வருஷமே ஆகியிருக்கும், தன் தண்ணீர்ப் புட்டியைச் சத்தமின்றி என் பக்கம் நகர்த்தினாள். நான் வெயிலில் நடந்து வந்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஈஸேயின் மரியாதையும் இவ்வூரில் உண்டு என்று குறிப்பில் சேர்த்துக்கொண்டேன்.

முற்பகலில் மீண்டும் கோவிலுக்குப் போனதன் காரணம் கிளிதான். பரம்பரையாக இக்கைங்கரியத்தைச் செய்துவரும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், நான் பார்க்கலாமா என்று கேட்டபோது, “தாராளமா உக்காருங்கம்மா” என்று சொல்லிவிட்டு, என்னை மறந்து வேலையில் ஆழ்ந்தார். அவர் முன்னே ஒரு தாம்பாளத்தில் மரவள்ளி இலைகள், நந்தியாவட்டை இலைகள், வெள்ளை அரளியும் செவ்வரளியும், ஒரே ஒரு மாதுளம்பூ, பனையோலைக் கீற்று. பக்கத்தில் ஒரு சொம்பு நீரில் நனைந்துகொண்டிருக்கும் வாழைநார். முதலில் இலைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பூச்சி தொட்டதும் நரம்பு முறிந்ததும் ஒதுக்கப்பட்டன. மூன்று இலை தேறினால் இரண்டு கழிந்தது. தேறியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நாரால் ஒரு சுற்றுச் சுற்றி, பல்லால் நுனியை இழுக்காமல் விரலாலேயே முடிந்தார். உடல் உருவாகிக்கொண்டிருந்தது. பனையோலையின் மேல் நந்தியாவட்டை இலையைப் பொருத்தி இறக்கை, அரளிப் பூக்களைக் கோத்து வால், மாதுளம்பூவே மூக்கு, கண்ணுக்குக் காக்காய்ப்பொன். எல்லாம் முடிய நாலரை மணி நேரமாகும் என்றார்.

அவர் மாதுளம்பூவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெகு நேரமாக என் நாவில் நின்ற கேள்வியைக் கேட்டேன். இவ்வளவு பாடுபட்டுச் செய்வது நாளைக்கு வாடிப்போகிறதே, மனசுக்குக் கஷ்டமாக இல்லையா? அவர் நிமிர்ந்து பார்த்தார். கேள்வி புரியாதவர் போல் சிறிது நேரம் இருந்தார். பிறகு, “வாடலைன்னா நாளைக்கு எனக்கு அவகிட்ட என்னம்மா வேலை?” என்றார். அதற்கு மேல் அவரை நான் தொந்தரவு செய்யவில்லை. ஈஸேயில் எந்த உண்மையை ஒரு வெறும் மனை எனக்குக் காட்டிற்றோ, அதை இவர் நார் முடிந்துகொண்டே சொல்லிவிட்டார். இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை கட்டுவதால்தான் அங்கே தச்சரின் கலை தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது. சாசுவதமாக ஒன்றைக் கட்டிவிட்டால் கட்டத் தெரிந்தவன் மூன்றாம் தலைமுறையில் இல்லாமற்போவான். வாடுகிறது என்பதே கிளியின் நித்தியத்துக்குக் காரணம்.

அங்கிருந்து அடுத்த ஊரான ராஜபாளையத்துக்குக் கிளம்பினேன்; பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் இராது. டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. வலப்பக்கத்தில் மலை, பகல் வெளிச்சத்தில் இப்போது மடிப்பு மடிப்பாகத் தெளிந்து, கூடவே வந்துகொண்டிருந்தது. மடிப்புகளில் மேகம் தங்கியிருந்தது. கண்மாய்களில் நீர் ததும்பிற்று. தென்னந்தோப்புகளுக்கு அப்பால், சப்பட்டையும் பஞ்சவர்ணமும் காய்க்கும் மாந்தோப்புகள் மலையடிவாரம் வரை கறுப்பாகப் படர்ந்திருந்தன. அந்த மலையில் நீர்காத்த அய்யனார் கோவிலருகே அருவியாக இறங்கும் தண்ணீரை ஆறாவது மைலில் தேக்கித்தான் ராஜபாளையத்து ஜனங்கள் நெடுங்காலமாகக் குடித்துவருகிறார்கள். நீரைக் காப்பதையே ஒரு தெய்வத்தின் பெயராக்கிய முன்னோர், பின்னால் வரப்போகும் குழாய்களையும் நினைத்துத்தான் அப்பெயரை வைத்தார்களோ என்று எண்ணியபடி வந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோவிலை மையமாகக்கொண்டு வளர்ந்த ஊர் என்றால், ராஜபாளையம் உழைப்பை மையமாகக்கொண்டு வளர்ந்தது. விஜயநகரச் சீமையிலிருந்து தெற்கே வந்து குடியேறிய ராஜுக்கள் இவ்வூரை உண்டாக்கினார்கள். இன்றும் அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசுகிறார்கள். 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில் இவ்வூரைப் பஞ்சும் நூலுமாக்கியது. வெள்ளை மேனியும் இளஞ்சிவப்பு மூக்குமாக, எஜமானை அன்றி வேறொருவரை எளிதில் அண்டவிடாத வேட்டை நாயினத்துக்கு இவ்வூரின் பெயரே பெயர். 2005இல் இந்திய அஞ்சல் துறை அதற்குத் தபால்தலை வெளியிட்டது.

உச்சி வெயிலில் நான் தேடிப்போனது காந்தி கலை மன்றத்தை. இளம் வயதிலேயே பெற்றோரை இழந்து, தேச சேவையில் இறங்கி, 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராகவும், பிறகு ஒரிஸா கவர்னராகவும் இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, தாம் வாழ்ந்த இல்லத்தையே இம்மன்றத்துக்குக் கொடுத்தார். பதவியில் இருந்தவர்கள் ஊருக்குச் சாலை கொடுத்ததும் பாலம் கொடுத்ததும் உண்டு. தாம் உண்டு உறங்கிய வீட்டைக் கொடுப்பது வேறு வகை. அதுவும் சூடிக் கொடுத்ததுதான் என்று வாசலில் நின்றபோது மனம் சொல்லிற்று.

அங்கே நிழலில் நின்றிருந்த ஒரு முதியவர், கைப்பேசியில் யாருடனோ தெலுங்கில் பேசி முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில், “எந்த ஊரும்மா? கூட வந்தவங்க எங்க?” என்றார். தனியாக வந்திருக்கிறேன், காலையில் ஆண்டாளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “அந்தத் தாயார் எங்க பாஷையிலயும் இருக்காங்கம்மா” என்று சொல்லி, கிருஷ்ணதேவராயரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட அந்தச் சக்கரவர்த்தியின் கனவில் ஸ்ரீகாகுளத்து ஆந்திர விஷ்ணு தோன்றி, ஆண்டாளைத் தாம் மணந்த கதையைத் தெலுங்கில் பாடும்படி பணித்ததாகவும், அவ்வாறே ராயர் ‘ஆமுக்தமால்யதா’ என்ற மகாகாவியத்தை இயற்றியதாகவும் வரலாறு. சூடிய மாலையைக் கொடுத்தவள் என்பதே அப்பெயரின் பொருள். தெலுங்கின் ஐம்பெருங்காவியங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது அது.

இவ்வளவும் நான் ஏட்டில் படித்திருந்தேன். ஆனால் அந்தக் காவியத்தைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்தவர் இதே ராஜபாளையத்துக்காரர் என்பதை அவர் சொல்லித்தான் நினைவில் பதித்தேன். பன்மொழிப் புலவர் மு.கு. ஜகந்நாத ராஜா (1933–2008) தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் பிராகிருதமும் பாளியும் கற்றுத் தேர்ந்து, பிராகிருதத்துக் ‘காதா சப்தசதி’யையும் தமிழுக்குக் கொணர்ந்தவர், ‘ஆமுக்தமால்யதா’வின் தமிழாக்கத்துக்காக சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றவர். காலையில் நந்தவனத்தில் தோன்றிய எண்ணம் இப்போது முழுமை பெற்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ் பாடிய பெண்ணின் கதை, வடக்கே துங்கபத்திரைக் கரைக்குப் போய், ஒரு சக்கரவர்த்தியின் தெலுங்காகி, நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அவள் கோபுரத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில், தெலுங்கு பேசும் ஒரு தமிழரின் மேஜையில் மறுபடி தமிழாகியிருக்கிறது. திருப்பதிக்கு மாலை போய்ப் பட்டாக வருவது போலத்தான் இதுவும். மொழிபெயர்ப்பவனும் ஒரு நூலைத் தான் சூடிப் பார்த்த பிறகே பிறருக்குக் கொடுக்கிறான்.

அந்த முதியவர் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். நேரமில்லை என்று வணங்கி விடைபெற்றபோது, “ஒத்தையில வந்தவங்களை ஒத்தையில சாப்பிட விடக்கூடாதும்மா” என்று மனம் வருந்தினார். ஒரு மெஸ்ஸில் இலை போட்டுச் சாப்பிட்டு, ஆட்டோ பிடித்துச் சத்திரப்பட்டிக்குப் போனேன். ராஜபாளையத்துக்குக் கிழக்கே உள்ள இச்சிற்றூரிலும் சுற்றுவட்டாரத்திலும் தறிகள் ஓயாமல் நெய்வது சேலையோ வேட்டியோ அல்ல. காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. வீதியில் நடக்கும்போதே இரு பக்கமும் தறிச் சத்தம் மழை போல் விழுந்தது. வெளுத்த துணி கயிறுகளில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் வழியே அந்தப் பக்கத்து வீட்டுத் திண்ணையும் கோழிகளும் பனியில் தெரிவது போல் தெரிந்தன.

ஒரு திண்ணையில் நடுவயதுப் பெண்ணொருத்தி, வெட்டிய துணியைச் சிறு கைராட்டினம் ஒன்றில் சுருளாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். இடக்கையின் இரு விரல்களுக்கிடையே துணி ஓடிற்று. அந்த விரல்கள் ஒவ்வோர் அங்குலத்தையும் தடவிப் பார்த்தே உள்ளே விட்டன. பிசிறு தட்டிய இடத்தில் ராட்டினம் நின்றது, நகத்தால் நூலைக் கிள்ளி எறிந்தாள், மறுபடி ஓடிற்று. இவ்வளவு இழைவிட்டு நெய்திருக்கிறதே என்று கேட்டேன். “நெருக்கி நெஞ்சா புண்ணு மூச்சு விடாதுக்கா” என்றாள். ஆசிரியையாக நான் எத்தனையோ பாடம் சொல்லியிருக்கிறேன். அதைப் போன்ற ஒரு வாக்கியத்தை என் வாயால் சொன்னதில்லை. இத்துணி நாடெங்கிலும் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கும், கடல் கடந்த தேசங்களுக்கும் போகிறது. யாருடைய புண்ணுக்கு இது கட்டப்படும் என்று அவளுக்குத் தெரியாது. கட்டிக்கொள்கிறவருக்கு அவள் விரல் தெரியாது. இரண்டு நாளில் அவிழ்த்து எறியப்படுவதற்கென்றே அவள் ஒரு பிசிறையும் விடாமல் கிள்ளிக்கொண்டிருந்தாள். காலையில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கப்பட்ட மரவள்ளி இலை என் கண்முன் வந்தது.

மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பியபோது மலையின் பின்னே சூரியன் இறங்கிவிட்டிருந்தான். இவ்வூர்களுக்கு அஸ்தமனம் கடற்கரை ஊர்களைவிடச் சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது. திருமுக்குளத்தில் நீர் நிரம்பி, கரையின் விளக்குகள் அதில் நீண்டு நடுங்கிக்கொண்டிருந்தன. இன்னும் சில வாரங்களில் மார்கழி பிறந்து, எண்ணெய்க்காப்பு உற்சவத்துக்கு ஆண்டாள் இக்கரைக்கு எழுந்தருளுவாள். அப்போது இங்கே நிற்க இடம் இராது. கோவில் வாசலில் பூக்காரம்மாள் என்னைக் கண்டுகொண்டாள். “ஊரெல்லாம் பார்த்துட்டீகளா தாயி?” என்றாள். பார்த்தேன் என்று சொல்லி, அவள் பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்தேன். அன்று காலை முதல் என்னிடம் ‘ஒத்தையிலயா’ என்று கேட்டவர்களையெல்லாம் எண்ணிப் பார்த்தேன். மறுபடியும் எண்ணத் தொடங்கிவிட்டேன். ஆனால் இந்தத் தடவை எண்ணியது என் பொறுப்பில் இருந்தவர்களை அல்ல, என்னைத் தங்கள் பொறுப்பாக எண்ணியவர்களை.

சாயரட்சைக்கு மணி அடித்தது. திரை விலகியபோது, ஆண்டாளின் கரத்தில் புதுக் கிளி இருந்தது. முற்பகலில் நான் பிரித்துப் பிரித்துப் பார்த்த இலைகளில் எதையும் என்னால் அடையாளம் காண முடியவில்லை; இலை இல்லை, நார் இல்லை, ஓலை இல்லை; கழுத்தை நிமிர்த்தி, மாதுளம்பூ மூக்கை அவள் முகத்தை நோக்கி உயர்த்தி, ஏதோ சொல்லத் தொடங்கும் ஒரு பச்சைக் கிளி மாத்திரமே இருந்தது. தீபம் சுற்றும்போது அதன் காக்காய்ப்பொன் கண் ஒரு முறை மின்னி அணைந்தது. பக்கத்தில் நின்ற சிறுமி, “அம்மா, அது பேசுமா?” என்று கேட்டாள். தாய் அவளைத் தூக்கிக் காட்டினாள்.

கூட்டத்தின் பின்னால், தூணோரமாக, கிளி செய்தவர் நின்றிருந்தார். அவரும் தரிசனத்துக்கு வந்தவர்களில் ஒருவராகவே நின்று, கைகூப்பி, அவள் கரத்தை ஒரு கணம் பார்த்தார். அதில் கர்வம் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். பள்ளிக்கு அனுப்பிய பிள்ளை வாசலைக் கடந்து உள்ளே போய்விட்டதா என்று பார்க்கிற பார்வை அது. நான் வணங்கினேன். ரயிலுக்கு நேரமிருக்கிறதா என்று விசாரித்தார், இருக்கிறது என்றேன். “அப்ப இன்னுங் கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டுப் போங்கம்மா” என்றார். நீங்கள் இருக்கவில்லையா என்று கேட்டேன்.

“இல்லம்மா, நாளைக்கு நார் கிழிச்சு வைக்கணும்” என்று சொல்லி, அவர் பிராகாரத்தின் இருட்டில் நடந்து போனார்.